சாஞ்ச எழுத்தில் கோதண்டம் பேரு

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே வெயில். கரண்ட் போய்ப் போய் வந்தது. பேனர் அடிக்கிற மிஷின் பாதி அம்மனோடு நின்றுபோச்சு. முகம் வந்தது, சூலம் வரவில்லை. அந்த ஃப்ளெக்ஸ் வேஸ்ட். மறுபடி முதலில் இருந்து.

ஆடி மாசம். கூழ் ஊத்துற பேனர்கள் வரிசையில் நிற்கின்றன. வள்ளி (என் சம்சாரம், கடைக்கு முதலாளி, நான் சொன்னதாக அவளிடம் சொல்லக்கூடாது) தரையில் உட்கார்ந்து ஃப்ளெக்ஸ் ஓரத்தில் கயிறு கோக்கிற கண்ணி அடித்துக்கொண்டே இருக்கிறாள். இடுப்பு வலியாம். தைலம் வாங்கணும். மறந்துட்டேன்.

திருமழிசையில் இருந்து கபடி டீம் வந்தது. "அண்ணாத்தே, அந்த ஓடுற எழுத்துல போட்டுக் குடு."

ஓடுற எழுத்து. நம்ம 'பாய்ச்சல்' ஃபான்ட். பேரு வைத்ததும் நான்தான், பெத்ததும் நான்தான். நல்ல தடி எழுத்து. முனையில் வளைவு, கொக்கி ஒண்ணும் கிடையாது, கத்தியால் வெட்டின மாதிரி முடியும். மொத்தமாக வலது பக்கம் சாய்ந்து நிற்கும், எதிர்க்காற்றில் வண்டி ஓட்டுகிறவன் மாதிரி. லேசுப்பட்ட வேலை இல்லை. தமிழ் எழுத்து எல்லாம் உருண்டை. உருண்டையைச் சாய்த்தால் உருண்டு விழுந்துவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் வயிற்றை அமுக்கிச் சதுரமாக்கினேன். மூணு சுழி ண-வைத் தடியாகப் போட்டால் ஓட்டை அடைந்துபோகும், அதை வெறும் கீறலாக விட்டேன். புள்ளி வட்டம் இல்லை, சாய்ந்த செங்கல். கொம்பு பைக் ஹேண்டில்பார். ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் வேகக்கோடு, காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிற மாதிரி. ஓடுகிற பஸ்ஸில் இருந்தே படிக்கலாம்.

கபடிக்காரர்களிடம் சொன்னேன்: இந்த எழுத்தைக் கேட்டு ஐதராபாத்தில் இருந்து பிளைட் பிடித்து ஒரு ஆள் வந்தான், குடுக்க மாட்டேன்னுட்டேன் என்று. வாயைப் பிளந்தார்கள்.

வந்தது போன். அதுவும் மிஷினுக்கு மை விற்கிறவன். எழுத்து நல்லா கீது சார்னு ஒரு வார்த்தை சொன்னான். போனை பிளைட் ஆக்கியதில் யாருக்கு என்ன நஷ்டம்.

சாய்வுக்கும் ஒரு கதை வைத்திருக்கிறேன். ரயில் வளைவில் திரும்பும்போது எவ்வளவு சாயுமோ அதைக் கணக்குப் போட்டு வைத்தது என்று. கணக்கா, எனக்கா. கணக்கு வாத்தியாருக்குப் பயந்து எட்டாவதோடு நின்றவன். மவுஸைப் பிடித்து இழுத்தேன், கண்ணுக்கு நல்லா இருந்த இடத்தில் விட்டேன். அவ்வளவுதான்.

பாய்ச்சல் இப்போ இருக்கிற இடம் (ஞாபகம் வந்தவரை): ஆவடி ஜிம், டயர் பஞ்சர் கடை, தண்ணி கேன் வண்டி, பூந்தமல்லி பிரியாணி கடை, ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டே, அம்பத்தூரில் ஒரு டியூஷன் சென்டர், ஆட்டோ முதுகு, கட்சி மாநாடு (எல்லா கட்சியும்). எந்தக் கடைக்காரன் கேட்டாலும் பென் டிரைவில் போட்டுச் சும்மா குடுத்துடுவேன். வள்ளி திட்டுவாள். பேரு பரவட்டும்டீ என்பேன். யாரு பேரு என்பாள்.

சாயங்காலம் கோதண்டம் வந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் செக்‌ஷன், கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் நேராக நம்ம கடை ஸ்டூல். சிக்னலில் இருந்து கடைக்கு அவன் நடந்து வருவதற்குள் நான் ஒரு பேனர் முடித்துவிடலாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, இல்லாத சுவரில் சாய்ந்தபடியே நடக்கிற மாதிரி ஒரு நடை. அவசரமே கிடையாது. சிக்னல் பச்சையாகிவிட்டால்கூட அடுத்த சிவப்புக்கு நின்று வருவான்.

கபடி பேனரைப் பார்த்தான். "தணிகா, உன் எழுத்தப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குதுபா. இன்னாத்துக்கு எல்லாம் ஓடுது? எங்க போவுது?"

"பைனலுக்குப் போவுது."

சிரித்தான். டீ குடித்தான். தே.வுக்கு (அவன் பெண் தேன்மொழி, அம்பத்தூரில் ஐ.டி. ஆபீஸ்) வரன் வந்திருக்காம். பத்திரிகை நான்தான் அடிக்கணுமாம். அடிச்சுடலாம், ஊரே பாக்கட்டும் என்றேன். "ஊரு பாக்க வேணாம், சொந்தக்காரன் படிச்சா போதும்" என்றான்.

ஆகஸ்ட் 6, புதன்

கோதண்டம் போய்விட்டான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு கம்பெனியில் மேசைமேல் தலை வைத்திருக்கிறான். தூங்குகிறான் என்று விட்டிருக்கிறார்கள். ஷிப்டு முடிந்து எழுப்பினால் எழவில்லை. அம்பத்தூர் ஆஸ்பத்திரியில் முடிந்துபோச்சு என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு ஓடினேன். வசந்தா (அவன் சம்சாரம்) கதவோரம் உட்கார்ந்திருந்தாள், அழவில்லை, எல்லாரையும் பேர் பேராகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். தே. போனிலேயே இருந்தாள். ஐஸ் பெட்டி, வேன், யார் யாருக்குச் சொல்லணும்.

துக்கம் வந்தால் நான் பேச ஆரம்பித்துவிடுவேன். வாசலில் நின்ற எல்லாரிடமும் சொன்னேன்: "பேனரை நான் பாத்துக்கறேன். இந்தப் பூந்தமல்லி சைடுல எவனுக்கும் வெக்காத மாதிரி ஒண்ணு. விடியறதுக்குள்ள நிக்கும்."

கடைக்கு வந்தேன். கபடி ஃபைல் திறந்தே இருந்தது. தொழிலில் எல்லாரும் இப்படித்தான், திறந்திருக்கிற ஃபைலில் போட்டோவை மாற்று, பேரை மாற்று, சேவ் பண்ணு. கேப்டன் இருந்த இடத்தில் கோதண்டம். டீம் பேரு இருந்த இடத்தில் கண்ணீர் அஞ்சலி. தங்கக் கலர், சிவப்பு பார்டர். பெரிசா. என் நண்பன், பெரிசாத்தான் இருக்கணும்.

மிஷின் சரசரவென்று ஓடியது. கரண்ட் ஒரு தடவைகூடப் போகவில்லை. அப்போ அது நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதறேன்.

தெரு முனையில் லைட் கம்பத்துக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவில் கட்டினேன். தூரத்தில் நின்று பார்த்தேன். சூரியன் பட்டது. அப்போதுகூட, நல்லா வந்திருக்கு என்றுதான் நினைத்தேன். வருகிறவர்களிடம் "எப்படி கீது" என்று கேட்டேன். சாவு வீட்டு வாசலில் நின்று கேட்டேன். ஒருத்தரை இல்லை, வந்தவர்கள் எல்லாரையும்.

பால்காரர் வண்டியை நிறுத்திப் படித்தார். "இன்னாபா, எலெக்‌ஷன்ல நிக்கிறாரா?" பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவர் முதுகில் தட்டினார். "யோவ், அஞ்சலிய்யா." பால்காரருக்கு முகம் சுருங்கிப்போச்சு. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கம்பெனி ஆட்கள் வேனில் வந்தார்கள். ஒருத்தன் இன்னொருத்தனிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது: "கோதண்டம் அண்ணன் ஒரு நாளாச்சும் இவ்ளோ ஸ்பீடா போயிருப்பாரா மாமே." சிரிப்பை அடக்க அவன் மேலே பார்த்தான். மேலே என் பேனர்.

அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். கோதண்டம் கோயில் பிரகாரத்தில் நின்று எடுத்த போட்டோ, கையைப் பின்னால் கட்டி, அதே நடைக்காரன். அவனுக்குப் பக்கத்தில் அவன் பேரு தலைதெறிக்க ஓடுகிறது. வேகக்கோடு வேறு. பேரு ஓடுது, ஆள் நிக்கிறான். கண்ணீர் அஞ்சலி அந்தப் பேரு பின்னாலேயே துரத்திக்கொண்டு ஓடுது.

தே. வெளியே வந்தாள். தண்ணி டிரம் வைக்க இடம் காட்ட வந்தவள், நிமிர்ந்து பார்த்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். ஏதாவது சொல்லுவாள், அழுவாள் என்று நினைத்தேன்.

"அப்பா பஸ்ஸுக்குக் கூட ஓடினதில்ல மாமா" என்றாள். அவ்வளவுதான். டிரம்மைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திட்டியிருந்தால் தேவலை.

சுடுகாட்டில் இருந்து வந்ததும் ஏணி வைத்து பேனரைக் கழற்றினேன். கழற்றினபோதும் நாலு பேர் பார்த்தார்கள். எழுத்தை உள்பக்கமாக வைத்துச் சுருட்டினேன். வண்டியில் வைத்தால் நீட்டிக்கொண்டு நின்றது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. கடையைச் சாயங்காலம்தான் திறந்தேன்.

கோ. வீட்டுக்குப் போனேன். வசந்தா உள்ளே படுத்திருந்தாள். தே. சட்டம் போட்ட போட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்பு கேட்கலாம் என்றுதான் போனது. வாய் திறந்தால் வேறு வருகிறது. மிஷின் கோளாறு, ஃபைல் மாறிப்போச்சு, கரண்ட் வேற... கரண்ட் போகவே இல்லை. அந்தப் பொய் எனக்கே கேட்டது.

அவள் சொன்னாள்: "இருக்கட்டும் மாமா. பதினாறாம் நாளுக்கு பேனர் எதுவும் வேணாம். அம்மா அத்தப் பாத்துட்டு அன்னிக்கு ஃபுல்லா ஜன்னலைத் தொறக்கல."

ஜன்னல் விஷயம் எனக்குத் தெரியாது.

நான் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன்: "இனிமே அந்த எழுத்துல உங்க அப்பா பேரு எந்தத் தெருவுலயும் நிக்காது. நான் இருக்கற வரைக்கும். இது தணிகாசலம் வார்த்தை."

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "நீங்க சொல்லுவீங்க மாமா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. இன்னிக்கு வெயில் ஜாஸ்தி என்கிற மாதிரி சொன்னாள். அதான் வழி முழுக்க கூடவே வந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மேக மூட்டம், மழை இல்லை. தைலம் வாங்கியாச்சு.

பாய்ச்சலை நிமிர்த்திப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். சாய்த்தவனுக்கு நிமிர்த்தத் தெரியாதா. வலது பக்கம் இழுத்ததை இடது பக்கம் இழு, முடிஞ்சது.

முடியவில்லை. நிமிர்ந்து நிற்கிறதே தவிர எல்லாம் கோணல். க ஒரு பக்கம் வீங்கிப்போச்சு. த குடித்துவிட்டு நிற்கிறவன் மாதிரி. சடன் பிரேக் போட்ட பஸ்ஸில் ஜனம் எப்படி நிற்கும், அப்படி. முதலிலேயே ஓடுவதற்கென்று வரைந்தது, நிறுத்தினால் நிற்கத் தெரியவில்லை.

புதுசா ஒண்ணு, நேராக, சும்மா நிற்கிற மாதிரி, வரையலாம் என்று பார்த்தேன். கோதண்டம், அந்த அஞ்சு எழுத்து போதும். மத்தியானம் வரை ஆச்சு. 'கோ'வின் கொம்பு மறுபடி ஹேண்டில்பார் ஆகிறது. கை வேற ஒண்ணும் பழகவில்லை.

ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், இருநூத்தி நாப்பத்தேழு எழுத்தும் வரைந்தவன் என்று. முதலில் வேற ஒரு கபடி டீம் பேருக்கு வேண்டியதை மட்டும் வரைந்தேன். அப்புறம் கஸ்டமர் வர வர மிச்சம். ஔ இன்னும் இல்லை. ஔ-வில் ஆரம்பிக்கிற பேரோடு யாரும் வரவில்லை, தப்பித்தேன்.

வள்ளி எட்டிப் பார்த்தாள். "இன்னா வரையற?"

"நிக்கிற எழுத்து."

"மொதல்ல நீ கொஞ்சம் நில்லு" என்றாள். போய்ப் படுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி பேனர் எல்லாம் நேற்றே போச்சு. இன்று கடை லீவு. மை வாங்க ஆவடி வரை பஸ்ஸில் போனேன். ஜன்னல் சீட்.

முன்பெல்லாம் ஜன்னல் சீட் கிடைத்தால் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் காட்டுவேன். அது நம்ம எழுத்து, இது நம்ம எழுத்து. இன்றைக்கும் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். வாயைத் திறக்கவில்லை.

ஜிம்மில் இருந்தது, சரி. டயர் கடை, சரி. பிரியாணிகூட ஓடி வரலாம். மூட்டு வலி வைத்தியசாலை போர்டில் இருந்தது. மூட்டு வலி ஓடுது. பால்வாடி சுவரில் இருந்தது. கட்டணக் கழிப்பிடத்தில் இருந்தது (அது ஒருவேளை பொருத்தம்). அப்புறம் ஒரு கண்ணீர் அஞ்சலி, யாரோ அம்மாள், கண்ணாடி போட்ட முகம், நான் அடிக்காதது. பென் டிரைவில் போனது. அந்த அம்மாவும் ஓடுகிறார்கள்.

தலையைக் குனிந்துகொண்டேன். கண்டக்டர், "இன்னா சார், வாந்தி வருதா?" என்று கேட்டார். ஆமா என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கோதண்டத்துக்குப் பதினாறாம் நாள். நேற்று ராத்திரி மழை பெய்து, காலையில் புழுக்கம்.

நானும் வள்ளியும் சீக்கிரமே கிளம்பினோம். வெள்ளைச் சட்டை. தெரு திரும்பினதும் வண்டியை நிறுத்திவிட்டேன். வள்ளி என் முதுகில் இடித்துக்கொண்டாள்.

லைட் கம்பத்துக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவில் ஒரு பேனர். போன தடவையைவிடப் பெரிசு. கோதண்டம் அண்ணன் நினைவாக என்று. பாய்ச்சல். தங்கக் கலர். வேகக்கோடு. கீழே அம்பத்தூர் கம்பெனி ஷிப்டு ஆட்கள் பேரெல்லாம், அதுவும் ஓட்டம்.

பாஸ்கர் (கோ.வின் ஷிப்டு, தடித்த குரல்) ஏணியில் இருந்து இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு வந்தான். "இன்னா அண்ணாத்தே, எப்படி?"

"யாரு இத்த அடிச்சது?"

"எஸ்டேட்ல ஒரு கடை. வேற எழுத்துதான் காட்டினான். நான்தான் இல்லப்பா, தணிகாசலம் அண்ணன் எழுத்து இருக்கும் பாரு, அத்தப் போடுன்னேன். கோதண்டம் அண்ணனோட ஃபிரண்டு நீ. நீதான சொல்லுவ, ஆவடில இருந்து திருமழிசை வரைக்கும் எந்த போர்டப் பாத்தாலும் என்னுதுன்னு. உனக்கு மரியாதையா இருக்கட்டும்னு கேட்டு வாங்கினோம்."

மரியாதை. எனக்கு.

தே. வாசலில் நின்றிருந்தாள். பேனரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பின்னால் வசந்தா, ஜன்னலுக்குப் பக்கத்தில்.

"தேனு, இது நம்ம கடை வேலை இல்லமா" என்றேன். முதலில் வந்தது அதான். உண்மையும் அதான்.

"எழுத்து?" என்றாள்.

எனக்கு எத்தனையோ கதை தெரியும்.

"என்னுதுதான்" என்றேன். "நான்தான் எல்லாருக்கும் குடுத்தேன். எங்க போய் நிக்கும்னு யோசிக்கல. கழட்டிடறேன்."

ஏணியை எடுத்தேன். பாஸ்கர் பிடித்துக்கொண்டான். "இன்னாது கழட்டறதா? எங்க பேரெல்லாம் கீது அதுல. ஷிப்டே சேந்து போட்டது. கோதண்டம் அண்ணனுக்கு நாங்க ஒண்ணு செய்யக் கூடாதா?" அவன் கண்ணு கலங்கிப்போச்சு. அவன் பேரில் தப்பு இல்லை. நான் ஏணியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு, அவன் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு. ஐயர் உள்ளே இருந்து நேரமாச்சு என்று குரல் குடுத்தார்.

தே. இறங்கி வந்தாள். "கழட்ட வேணாம் பாஸ்கர் அண்ணா. திருப்பிக் கட்டுங்க."

ஃப்ளெக்ஸுக்குப் பின்பக்கம் வெள்ளை. நாங்களே திருப்பினோம், நான் ஒரு முனை, பாஸ்கர் ஒரு முனை. கட்டி முடித்ததும் தெரு முனையில் ஒரு பெரிய வெள்ளை. வெயிலில் உள்ளே எழுத்து லேசாகத் தெரிந்தது, தலைகீழாக இல்லை, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. இடது பக்கம் ஓடுது.

"சும்மா வெள்ளையா இருந்தா ஜனம் இன்னான்னு நெனைக்கும்" என்றான் பாஸ்கர்.

"பேரு மட்டும் எழுதுங்க மாமா" என்றாள். "கையால."

கண்ணி இடம் குறிக்கிற மார்க்கர் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். கையால் எழுதிப் பல வருஷம் ஆச்சு, கையெழுத்தைத் தவிர. ஏணியில் ஏறினேன். சாய்ந்துவிடக் கூடாது, வலது பக்கம் போய்விடக் கூடாது, அது ஒண்ணுதான் மனசில். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். எட்டாங்கிளாஸ் எழுத்து.

இறங்கிப் பார்த்தால், பயத்தில் எல்லா எழுத்தும் பின்பக்கம் சாய்ந்துபோயிருந்தது. கோ கொஞ்சம், த அதைவிட, ம் விழாத குறை. அசிங்கமாக இருந்தது. நெஜமாவே அசிங்கம். கோணல் மாணல். ஆனா அந்தச் சாய்வு, அவன் நடக்கிற மாதிரி இருந்தது என்று எனக்குத் தோன்றியது, சிக்னலைத் தாண்டி கடைக்கு வருகிற மாதிரி. இதுவும் நானாகக் கட்டுகிற கதையா என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. இங்கே மட்டும்.

பாஸ்கர் மார்க்கரைப் பிடுங்கி, அடியில் ஷிப்டு ஆட்கள் பேரை அவனே எழுதினான். அவன் எழுத்து இன்னும் மோசம்.

தே. "இருக்கட்டும்" என்றாள். உள்ளே போனாள். ஜன்னல் திறந்தபடியேதான் இருந்தது, சாப்பிட்டுக் கிளம்புகிற வரைக்கும்.

வள்ளி வண்டியில் ஏறும்போது, "ம் மட்டும் கொஞ்சம் தூக்கி எழுதிருக்கலாம்" என்றாள்.

ஆகஸ்ட் 23, சனி

பிள்ளையார் சதுர்த்தி ஆர்டர் ஆரம்பம். பாய்ச்சல் கேட்டு ரெண்டு பேர். பிள்ளையார் எங்கே ஓடப்போறார், வேற எழுத்து போடலாம் என்றேன். ஒருத்தர் ஒத்துக்கொண்டார், இன்னொருத்தர் பூந்தமல்லிக்குப் போய்விட்டார். அங்கே அதே எழுத்து கிடைக்கும்.

மை வரவில்லை. தைலம் தீர்ந்துபோச்சு, மறுபடி வாங்கணும்.

டீக்கடையில் புதுசா ஒரு ஆள், குடி வந்தவர் போல. வெள்ளை பேனரைக் கையால் காட்டினார். "அந்தத் தெருவுல ஒரு அஞ்சலி கீதே, கையால எழுதினது. எல்லாம் பின்னாடி சாஞ்சிகினு. யாரு எழுதினதுப்பா?"

டீ மாஸ்டர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், அன்றைக்கு நின்று பார்த்தவர். நான் கதையை ஆரம்பிப்பேன் என்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"தெரியலையே" என்றேன்.